உங்களுக்குத் தெரியுமா? மைக் செட் கட்டுவதன் சூட்சுமங்கள்

● மைக் செட் வாடகைக்குப் பேசப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை வாட்ஸ்?" என்றுதான். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் சத்தம் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு "இரண்டு பங்கு சத்தம்" என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் தேவை. 100 வாட்ஸ் செட்டுக்குப் பதில் 200 வாட்ஸ் வைத்துவிட்டு, பணம் கொடுத்தோமே என்று காதைத் தீட்டிக் கேட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. குழாயை, அதாவது கூம்பு ஒலிபெருக்கியை, எங்கே, எந்த உயரத்தில், எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுகிறோம் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

● திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் சத்தம் 6 டெசிபல் இறங்கும். குழாய்க்கு ஒரு மீட்டர் முன்னால் 110 டெசிபல் என்றால் 2 மீட்டரில் 104, 4 மீட்டரில் 98, 32 மீட்டரில் 80. தரையோரம் ஸ்பீக்கர் பெட்டியை வைத்தால் முதல் வரிசைக்காரர் காதைப் பொத்திக்கொள்வார், கடைசி வரிசைக்காரர் "என்ன சொன்னாரு?" என்று பக்கத்தில் கேட்பார். அதே பெட்டியை ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றி, முகத்தைக் கூட்டத்தின் பின்பாதியை நோக்கிச் சற்றே சாய்த்துப் பாருங்கள். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் உள்ள தூர வித்தியாசம் சுருங்கிவிடும். தலைகளும் சட்டை சேலைகளும் கூர்மையான ஒலிகளைக் குடித்துவிடும் தொல்லையும் குறையும்.

● உலகின் முதல் மைக் செட்டுகளில் ஒன்று எங்கே கேட்டது? அமெரிக்காவின் கலிபோர்னியாவில். எட்வின் பிரிதாமும் டென்மார்க்கில் பிறந்த பீட்டர் ஜென்சனும் நாபா என்ற ஊரில் இருந்துகொண்டு, காந்தப் புலத்துக்குள் ஆடும் கம்பிச்சுருளோடு ஒரு கூம்பைப் பொருத்தினார்கள். 1915 டிசம்பர் 24 அன்று சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் கூடியிருந்த பெருங்கூட்டத்துக்கு அதில் பாட்டும் பேச்சும் ஒலித்தன. நான்கு வருடம் கழித்து, 1919 செப்டம்பரில், அதிபர் உட்ரோ வில்சன் சான் டியாகோ மைதானத்தில் பல்லாயிரம் பேர் முன் இவர்களுடைய கருவியில் பேசினார். அவரைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு வைத்திருந்தார்கள்.

இன்று திருவிழாவில் கட்டும் குழாயில் ஒலி எழுப்பும் யூனிட்டைத் திறந்தால் உள்ளே இருப்பதும் அதே காந்தம், அதே சுருள்தான்.

● கூம்பு ஒலிபெருக்கியைக் 'கத்தல் பெட்டி' என்று ஒதுக்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மின்சாரத்தை ஒலியாக மாற்றும் திறமையில் அதற்கு இணை குறைவு. நல்ல குழாய் ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டரில், 105 டெசிபல் அளவில் தரும். சாதாரண மரப்பெட்டி ஸ்பீக்கர் 90 டெசிபல் அளவில் தரும். இந்த 15 டெசிபல் இடைவெளியை மரப்பெட்டி எட்டிப்பிடிக்க அதற்கு 32 மடங்கு வாட்ஸ் ஊட்ட வேண்டும். கார் பேட்டரியில் ஓடும் ஆட்டோ விளம்பரம் ஊர் முழுக்கக் கேட்பது இதனால்தான்.

● குழாயின் வாய் அகலத்துக்கும் அது எவ்வளவு கீழே பாட முடியும் என்பதற்கும் நேரடிக் கணக்கு உண்டு. வாயின் சுற்றளவு எவ்வளவோ, ஏறக்குறைய அந்த அலைநீளம் வரைதான் அது ஒழுங்காக ஒலிக்கும். அரை மீட்டர் விட்டமுள்ள வாய்க்குச் சுற்றளவு 1.57 மீட்டர், கணக்குப் போட்டால் 220 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். அதற்குக் கீழே குழாய் கைவிட்டுவிடும். ஆண் குரலின் அடிப்படை அதிர்வு பெரும்பாலும் 100 முதல் 150 ஹெர்ட்ஸ். அப்படியானால் குழாயில் கேட்கும் ஆண் குரல் ஏன் ஆண் குரலாகவே தெரிகிறது? மேலே உள்ள துணை அதிர்வுகளின் இடைவெளியை வைத்து, இல்லாத அடிச்சுருதியை மூளையே நிரப்பிக்கொள்கிறது. சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டைக் குழாயில் கேட்டு வளர்ந்த தலைமுறை அவருடைய கனத்த குரலில் பாதியைத் தன் மூளையாலேயே கேட்டிருக்கிறது!

இதிலேயே பராமரிப்புப் பாடமும் அடங்கியிருக்கிறது. குழாயால் ஒலிக்க முடியாத அடித்தள ஒலியை ஆம்ப்ளிபயர் அனுப்பிக்கொண்டே இருந்தால், எதிரே காற்றின் தாங்கல் இல்லாமல், யூனிட்டுக்குள் அதிரும் சவ்வான டயாபிராம் தாறுமாறாக ஆடும். சத்தம் வராது, டயாபிராம்தான் கிழியும். குழாய் கட்டிய செட்டில் பாஸ் திருகை இறக்கியே வையுங்கள். சினிமாக் குத்துப்பாட்டுக்கு என்று பாஸைத் திருகித்தான் பல யூனிட்டுகள் உயிரை விடுகின்றன.

● ஆம்ப்ளிபயரில் சிவப்பு விளக்கு விடாமல் எரிகிறது என்றால் அது தன் சக்திக்கு மேல் கத்துகிறது என்று பொருள். அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும். அப்படி வெட்டுப்பட்ட அலை சுருளைச் சூடாக்கிக்கொண்டே போகும். பெரிய ஆம்ப்ளிபயரை அடக்கி ஓட்டுவதைவிடச் சின்ன ஆம்ப்ளிபயரை முழுக்கத் திருகி ஓட்டுவதில் யூனிட் கருகும் ஆபத்து அதிகம்.

● 'கூய்ங்' என்று மைக் கத்தும்போது மைக்கைத் திட்டுகிறோம். ஸ்பீக்கரில் இருந்து வந்த ஒலி மைக்குக்குள் மறுபடி புகுந்து, பெருகி, ஸ்பீக்கருக்கே போய், ஒரு சுற்றாகச் சுழல்கிறது. டென்மார்க் இயற்பியலாளர் சோரன் லார்சன் இதை ஆராய்ந்ததால் 'லார்சன் விளைவு' என்ற பெயரும் இதற்கு உண்டு. மருந்துகள் எளியவை. ஸ்பீக்கரை மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து வையுங்கள். பேசுகிறவரை மைக்குக்கு நெருங்கச் சொல்லுங்கள்: வாய்க்கும் மைக்குக்கும் உள்ள 20 சென்டிமீட்டரை 10 ஆக்கினால் ஆம்ப்ளிபயரைத் தொடாமலே 6 டெசிபல் லாபம். யாரும் பேசாத மைக்கை அணைத்து வையுங்கள். திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பானால் 3 டெசிபல் நஷ்டம். பட்டிமன்ற மேடையில் எட்டு மைக்கையும் திறந்து வைத்துவிட்டுக் கூச்சலோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை.

● மைக்கின் பந்துபோன்ற கம்பிவலைத் தலையைக் கையால் மூடிப் பிடித்துப் பாடுவது ஒரு பாணியாகிவிட்டது. மேடை மைக்குகள் பெரும்பாலும் முன்பக்க ஒலியை மட்டும் வாங்கி, பின்பக்கத்தைத் தள்ளிவிடும்படி செய்யப்பட்டவை. அந்தத் தள்ளல் நடப்பதே தலைக்குப் பின்னுள்ள துளைகள் வழியாக நுழையும் காற்றால்தான். அதை மூடினால் மைக் எல்லாத் திசையையும் கேட்கும்; உடனே கூய்ங். 'ஊதி' சோதிப்பதும் 'டொக் டொக்' என்று தட்டுவதும் மைக்கின் மெல்லிய சவ்வுக்குக் கேடு. பேசிச் சோதித்தாலே போதும்.

● கம்பியில் எவ்வளவு சத்தம் தொலைகிறது என்று பார்ப்போம். மேடையில் இருந்து 200 மீட்டர் தள்ளி, தெருக் கோடியில் குழாய்கள் கட்டுகிறீர்கள். 1.5 சதுர மி.மீ. தாமிரக் கம்பி; போக வர 400 மீட்டர்; அதன் மின்தடை ஏறக்குறைய 4.8 ஓம். குழாய்களை நேரடியாகச் சேர்த்து 4 ஓம் சுமையாகக் கட்டினால், கம்பியே பெரும்பங்கைத் தின்றுவிடும். கம்பி இல்லாமல் நேரே பொருத்தியிருந்தால் கிடைத்திருக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்குதான் குழாய்க்குப் போய்ச் சேரும். மீதியை நினைத்து ஆம்ப்ளிபயரைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இதே இடத்தில் '100 வோல்ட் லைன்' முறையில் கட்டினால் கதை மாறும். ஆம்ப்ளிபயரில் 100 வோல்ட் என்று குறித்த முனையில் இருந்து கம்பி போகும். ஒவ்வொரு குழாயிலும் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் அதை இறக்கிக்கொள்ளும். மொத்தம் 200 வாட்ஸ் குழாய்கள் என்றால் சுமை 50 ஓம். இதே 4.8 ஓம் கம்பியில் குறைவது ஆறில் ஒரு பங்குதான். அனல் மின் நிலையத்தில் இருந்து உயர் அழுத்தக் கம்பியில் மின்சாரம் வருவதற்கும் இதற்கும் தத்துவம் ஒன்றே. மார்கழி பஜனைக்குத் தெருத்தெருவாகக் குழாய் கட்டும் ஊர்களில் இந்த முறைக்கு மாற்றே இல்லை என்பேன்.

ஒரே ஒரு கட்டுப்பாடு. எல்லாக் குழாய்களின் வாட்ஸையும் கூட்டினால் ஆம்ப்ளிபயரின் வாட்ஸில் 80 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 250 வாட்ஸ் ஆம்ப்ளிபயருக்கு 200 வாட்ஸ் சுமை. 100 வோல்ட் முனையில் டிரான்ஸ்பார்மர் இல்லாத சாதாரண 8 ஓம் பெட்டியை மாட்டிவிட்டால் ஒன்று பெட்டி போகும், அல்லது ஆம்ப்ளிபயர் போகும்.

● இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரை இணையாகக் கட்டினால் 4 ஓம். நான்கு 16 ஓம் ஸ்பீக்கரை இணையாகக் கட்டினாலும் 4 ஓம்தான். ஆம்ப்ளிபயரின் பின்னால் எழுதியிருக்கும் ஓம் அளவுக்குக் கீழே ஒருபோதும் இறங்கக் கூடாது.

● பெட்டி ஸ்பீக்கர் இரண்டில் ஒன்றில் கூட்டல் கழித்தல் கம்பி மாறிவிட்டால் இரண்டும் ஒலிக்கும், ஆனால் நடுவில் நிற்கிறவருக்கு மிருதங்கத்தின் தொப்பி ஒலி காணாமல் போயிருக்கும். ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுப்பதால் அடித்தள ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சோதிக்க ஒன்றரை வோல்ட் பேட்டரி போதும். பேட்டரியின் கூட்டலை ஸ்பீக்கரின் கூட்டலிலும், கழித்தலைக் கழித்தலிலும் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். காகிதக் கூம்பு வெளியே வர வேண்டும்.

● ஒலி ஒரு நொடிக்கு, நம் ஊர் 30 டிகிரி வெயிலில், ஏறத்தாழ 349 மீட்டர் போகும். 100 மீட்டர் கடக்கவே கால் நொடிக்கு மேல் ஆகிறது. 60 மீட்டர் இடைவெளியில் இரண்டு குழாய்கள். ஒன்றின் கீழே நிற்பவருக்கு மற்றதன் பேச்சு 0.17 நொடி தாமதமாக வந்து சேரும். "பக்த... பக்த... கோடிகளே... கோடிகளே" என்று அறிவிப்பு இரட்டையாகக் கேட்பது இதனால்தான். இரண்டு ஒலிகளுக்கும் இடையே சுமார் 30 மில்லி நொடி வரை இருந்தால் காது அவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், முதலில் வந்த திசையில் இருந்தே கேட்பதாக நம்பும். ஜெர்மானியர் ஹெல்முட் ஹாஸ் 1949-ல் வெளியிட்ட ஆய்வு இது.

அதனால் குழாய்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி கட்டக் கூடாது. மேடையில் தொடங்கி எல்லாம் ஒரே திசையைப் பார்த்துப் போகட்டும். டிஜிட்டல் மிக்ஸர் கையில் இருந்தால் இன்னும் நல்லது: மேடையில் இருந்து 40 மீட்டர் தள்ளி வைத்த ஸ்பீக்கருக்கு 115 மில்லி நொடி தாமதம் கொடுத்துவிட்டால், மேடைச் சத்தமும் அதுவும் கைகோத்து வரும். ஒரு பொத்தான் வேலை. இதைச் செய்யாமல் விடும் பெரிய மாநாடுகளைப் பார்க்கும்போது மனம் கேட்பதில்லை. பல மைல் பயணம் செய்து வந்தவர்களுக்குத் தலைவரின் ஒரு வாக்கியமும் முழுதாகச் சேர்வதில்லை.

● ஒலிபெருக்கி வருவதற்கு முந்தைய தமிழ் நாடக மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் போன்றவர்கள் உயர்ந்த சுருதியில் பாடினார்கள். கொட்டகையின் கடைசித் தரை டிக்கெட் வரை குரலே போய்ச் சேர வேண்டியிருந்தது. மைக் வந்த பிறகு கச்சேரி மேடையிலும் சுருதி இறங்கியது. மெல்லிய கமகங்களையும் முணுமுணுப்புப் போன்ற சங்கதிகளையும் கூட்டத்துக்குக் கொண்டுபோக முடிந்தது. தமிழ்ப் பாட்டின் போக்கையே ஒரு கருவி மாற்றியிருக்கிறது!

● நாதஸ்வரத்துக்கு மைக் வைக்கிறவர்கள் நேரே அதன் விரிந்த அடிப்பகுதியான அணசுக்கு முன்னால் வைத்துவிடுகிறார்கள். ஒலி அணசு வழியாக மட்டும் வருவதில்லை. திறந்திருக்கும் விரல் துளைகள் வழியாகவும் வருகிறது. மைக்கைச் சற்று மேலே, துளைகளையும் அணசையும் சேர்த்துப் பார்க்கும்படி தள்ளி வைத்தால் எல்லா சுரமும் சமமாக விழும். தவிலுக்கு வலந்தலைக்கும் தொப்பிக்கும் தனித்தனி மைக். ஆனால் சின்ன மண்டபம் என்றால் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் மைக்கே வேண்டாம் என்பது என் கட்சி. திறந்த வீதியில் ஊர்வலத்துக்கு முன்னால் போகப் பிறந்த வாத்தியங்கள் அவை.

● 'உர்ர்ர்' என்று அடியில் ஓடும் இரைச்சல் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல். மைக் ஒயரும் சீரியல் செட் ஒயரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தால் ஒன்றில் இருந்து ஒன்றுக்குத் தாவும். இரண்டையும் விலக்கிப் போடுங்கள். குறுக்கே கடந்தே ஆக வேண்டும் என்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். மூன்று முள் மைக் ஒயரில் ஒரே ஒலி இரண்டு கம்பிகளில் எதிரெதிராகப் போகிறது. வழியில் ஒட்டிக்கொள்ளும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் மறுமுனையில் கழித்துத் தள்ளப்படுகிறது.

● அந்த இரைச்சலை ஒழிக்க 'எர்த்' கம்பியைக் கழற்றிவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. உயிருக்கே உலை. 1972 மே மாதம் பிரிட்டனின் ஸ்வான்சி நகரில், மேடையில் கிதார் வாசித்துக்கொண்டிருந்த லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் பாய்ந்து இறந்தார். ஆடி மழையில் நனைந்த பந்தலில், வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று மைக் பிடிக்கும் பூசாரியை நினைத்துப் பாருங்கள். மைக் செட்டுக்கு வரும் மின்சாரத்தில் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுக் காப்பு ஸ்விட்ச் கட்டாயம் இருக்கட்டும். போன பியூஸுக்குப் பதிலாகத் தடித்த கம்பியை முறுக்கிப் போடாதீர்கள். மின்கம்பத்தில் குழாய் கட்டவே கட்டாதீர்கள்.

● ஆன் செய்யும்போது மிக்ஸர் முதலில், ஆம்ப்ளிபயர் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப்ளிபயர் முதலில். மாற்றிச் செய்தால் வரும் 'டம்' என்ற உதை நேரே யூனிட்டில் விழும்.

● ஒயர்லெஸ் மைக்கின் ரிசீவரை மேசைக்கு அடியில் மறைத்து வைத்தால் சத்தம் விட்டு விட்டு வரும். மனித உடம்பில் உள்ள நீர் அந்த அலையை விழுங்கும். பாடுகிறவர் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் ரிசீவர் இருக்கட்டும்.

● ஆளில்லாத கல்யாண மண்டபத்தில் காலையில் சோதித்த சத்தம் முகூர்த்த நேரத்தில் இருக்காது. கிரானைட் தரையும் வெறும் சுவரும் ஒலியைத் திருப்பித் திருப்பி அடிக்கும். ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் உடம்புகள் அதை உறிஞ்சும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் 1890-களில், எதிரொலி மிகுந்த ஒரு விரிவுரை அறைக்குள் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு எதிரொலி குறைகிறது என்று இரவெல்லாம் அளந்தார். மண்டபம் கட்டுகிறவர்கள் இன்றும் அவருடைய சூத்திரத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். எதிரொலிக்கும் மண்டபத்தில் சத்தத்தைக் கூட்டக் கூட்டச் சொல் குழம்பும். ஒரு பெரிய பெட்டிக்குப் பதில், கூட்டத்துக்கு அருகிலேயே நாலைந்து சின்ன ஸ்பீக்கர்களைத் தாழ்ந்த சத்தத்தில் வைப்பதே வழி.

● இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்வது இது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு மாநில அரசு வருடத்தில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்வு தரலாம். குடியிருப்புப் பகுதிக்கான அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் குழாய் கட்டவே கூடாது.

சென்னை கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனிக்காரர்கள் தொடுத்த வழக்கில் 2000 ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம், ஒலிபெருக்கி வைத்து அடுத்தவர் அமைதியைக் குலைத்து வழிபடும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று தீர்ப்பளித்தது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் படுக்கையில் கிடக்கும் பெரியவரும் உள்ள தெருவில் இந்தத் தீர்ப்பின் அருமை தெரியும்.

● மைக் செட் ஆபரேட்டரின் காது கூட்டத்தின் காதைவிட அதிகம் பாடுபடுகிறது. 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் சொல்லும் அளவு. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும்: 94-ல் ஒரு மணி நேரம், 100-ல் வெறும் கால் மணி நேரம். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் மிக்ஸரைப் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்காரும் தம்பிகளுக்கு முதலாளி ஒரு ஜோடி காதடைப்பானாவது வாங்கித் தர வேண்டும்.

● விடியற்காலையில் தூரத்துக் கோயில் பாட்டு பக்கத்தில் போலக் கேட்கிறதே, ஏன்? இரவில் தரையோரக் காற்று குளிர்ந்து, மேலே சூடாக இருக்கும். மேலே போன ஒலி வளைந்து தரைக்கே திரும்புகிறது. நடுப்பகலில் நேர்மாறு: ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். ஆகவே மதியம் 'சத்தம் பத்தவில்லை' என்று ஏற்றி வைத்த திருகை அந்தி சாய்ந்ததும் இறக்க மறக்காதீர்கள்.

● குழாயை வானம் பார்க்கக் கட்டக் கூடாது. வாய் கொஞ்சம் கீழே சாய்ந்திருந்தால் மழைநீர் வழிந்துவிடும். பல நாள் ஓட்டாமல் வைத்த குழாயைக் கட்டுவதற்கு முன், யூனிட்டைத் திருகிக் கழற்றித் தொண்டைக்குள் எட்டிப் பாருங்கள். குளவி மண் கூடு கட்டியிருக்கும். 'யூனிட் அவுட்' என்று கடைக்குப் போகும் சில குழாய்களுக்கு ஒரு குச்சியே வைத்தியம்.

● டயாபிராம் மாற்றும்போது கவனிக்க வேண்டியது சுருள் இறங்கும் இடுக்கு. அகலம் மி.மீ. கணக்குதான். அதில் ஒரு இரும்புத் தூள் விழுந்தாலும் சுருள் உரசி 'கரகர' என்னும். காந்தம் தூளை விடாது, ஊதினாலும் போகாது. ஒட்டும் நாடாவை, ஒட்டும் பக்கம் வெளியே வரும்படி ஒரு அட்டைத் துண்டில் மடித்து, இடுக்குக்குள் விட்டுச் சுற்றி எடுங்கள். கரும்புள்ளிகளாக ஒட்டிக்கொண்டு வரும். சுத்தமாக வரும்வரை நாடாவை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். அரம் போட்ட மேசையிலோ வெல்டிங் பட்டறையிலோ யூனிட்டைத் திறக்கவே கூடாது. புது டயாபிராமை நடுவில் உட்கார வைத்து, திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

● ஒயரை முழங்கையில் சுற்றினால் உள்ளே இழைகள் முறுகி, ஒருநாள் நடுவில் அறுந்து நிற்கும். அறுந்த இடம் வெளியே தெரியாது. ஒரு வளையம் நேராக, அடுத்த வளையம் திருப்பி என்று மாற்றி மாற்றிச் சுற்றினால் முறுக்கு ஏறாது, விரித்தால் சிக்காது.

● ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை இல்லாத நாட்களில் செட் தூங்கும். பெட்டியின் காகிதக் கூம்பில் பூஞ்சை பிடிக்கும், பின்களில் களிம்பு ஏறும். தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். குழாய்களை வாய் கீழே இருக்கும்படி கவிழ்த்து அடுக்குங்கள். மாதம் ஒருமுறை ஆம்ப்ளிபயரை ஆன் செய்து அரை மணி நேரம் மெல்ல ஓட விட்டால் உள்ளே ஈரம் தங்காது; மின்தேக்கிகளுக்கும் நல்லது. கூடவே ஒவ்வொரு ஒயரையும் மாட்டி, அசைத்துப் பார்த்து, கரகரப்பதை அன்றே பற்ற வைத்துவிட்டால் தை முதல் முகூர்த்தத்தில் ஓட வேண்டியிருக்காது.